வளர்ந்தேன் என்று எழுதச் சொல்லாதீர்கள்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை எதிர்த்தவர்கள்கூட அதில் சொன்ன முழுமை முன்னேற்ற அட்டையை விட்டுவைத்தார்கள். மார்க்கைத் தாண்டிப் பிள்ளையை முழுதாகப் பார்க்கும் ஏற்பாடு என்று அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. தேசிய மதிப்பீட்டு அமைப்பான பரக் வகுத்துத் தந்திருக்கும் அந்த அட்டையில் ஆசிரியர் மட்டும் மதிப்பிட்டால் போதாது. மாணவர் தம்மைத் தாமே மதிப்பிட வேண்டும், கூடப் படிப்பவர் மதிப்பிட வேண்டும், வீட்டாரும் தங்கள் பங்குக்கு எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தில் இருக்கும் நமக்கு இது அவ்வளவு புதிதல்ல. ஒன்பதாம் வகுப்புக்கு 2017இலும் பத்தாம் வகுப்புக்கு 2018இலும் ‘ஸ்வவிகாஸ் வ கலாரசாஸ்வாத்’ என்று சுயவளர்ச்சி ஒரு பாடமாகவே வந்துவிட்டது. அதற்கு மார்க் கிடையாது, கிரேடு உண்டு.

பள்ளிக்கு வெளியேயும் இதே காற்றுதான். மும்பையிலும் புறநகரிலும் மாணவர்களுக்கு நடக்கும் கட்டுரைப் போட்டிகளில் ‘என்னை மாற்றிய நிகழ்வு’, ‘பள்ளி எனக்குத் தந்த தன்னம்பிக்கை’ போன்ற தலைப்புகள் ஆண்டுதோறும் வருகின்றன. பரிசு வாங்கும் கட்டுரை எப்படி இருக்கும் என்பது நடுவர்களுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். முதலில் கூச்சம், பிறகு பள்ளி ஆண்டு விழாவான கேதரிங்கில் ஒரு வாய்ப்பு, மேடையில் நடுக்கம், கைதட்டல், கடைசிப் பத்தியில் தன்னம்பிக்கை. உல்லாஸ்நகர் பிள்ளை எழுதினாலும் தாராவிப் பிள்ளை எழுதினாலும் மாட்டுங்காவில் வசதியாக வளரும் பிள்ளை எழுதினாலும் வரிசை மாறுவதில்லை. இதை எடுத்துச் சொன்னால் ஆசிரியர்கள் பலரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: கற்பனையாகவே இருக்கட்டும், நல்லதைத்தானே எழுதுகிறார்கள், எழுத எழுத அப்படியே ஆகிவிடுவார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வழக்கத்தில் நல்லது இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் மட்டும் பிள்ளையை எடைபோட்ட காலத்துக்கு யாரும் திரும்ப வேண்டியதில்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வாயே திறக்காத பெண், தாளில் நாலு வரி எழுதும்போதுதான் அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியைக்குத் தெரியவரும். நடந்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்கும் பழக்கம் எந்த வயதிலும் நல்லதுதான். இவ்வளவையும் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்தத் தாளில் கேட்கப்படும் கேள்வியைப் பாருங்கள். என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. அதிலிருந்து நீ என்ன கற்றாய், எப்படி வளர்ந்தாய் என்று கேட்கிறது. எல்லா அனுபவமும் பாடமாக முடிந்தாக வேண்டும், எல்லாப் பாடமும் எழுதுகிற பிள்ளையின் குணத்தைப் பற்றியதாக இருந்தாக வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘எதுவும் கற்கவில்லை, அன்று அவமானமாக இருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது’ என்று எழுதும் பிள்ளைக்கு எந்த கிரேடு? கபடிப் போட்டியில் தோற்றவன், நடுவர் தவறாகத் தீர்ப்புச் சொன்னார் என்று எழுதினால் அது முதிர்ச்சியின்மை. தோல்வி எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது என்று எழுதினால் அது வளர்ச்சி. முதலில் எழுதியது உண்மையாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை.

நான் பல காலமாகச் சொல்லிவரும் குறை இதுதான். இந்த வழக்கம் உலகத்தில் இருக்கும் கோளாறைப் பிள்ளையின் குணத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

நமக்கு மிக நெருக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. ஆனால் தமிழ் வழி பெரும்பாலும் ஏழாம் அல்லது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரை தமிழில் அறிவியலும் கணக்கும் படித்த பிள்ளை, அடுத்த ஜூன் மாதம் ஆங்கில வழி வகுப்பில் போய் உட்கார வேண்டும். எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் படிப்பை விடுகிறார்கள். தாக்குப்பிடித்தவன் பத்தாம் வகுப்பில் எழுதுவது என்ன? ஆங்கிலத்தைக் கண்டு பயந்தேன், விடாமல் முயன்றேன், பயத்தை வென்றேன். ஆசிரியர் ஏ போடுகிறார். ஒன்பதாம் வகுப்புக்கு ஏன் தமிழில் ஒரு அறை இல்லை என்ற கேள்வி அந்தக் கட்டுரையில் எங்குமே எழாது. எழ முடியாதபடிதான் கேள்வித்தாள் அமைந்திருக்கிறது. பாதியில் நின்றுபோனவனோ கட்டுரையே எழுதுவதில்லை. அவனிடம் விடாமுயற்சி குறைவு என்பதுதான் மீதிப் பேரின் கட்டுரைகளிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளும் செய்தி.

வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொல்வதிலும் இதே கதை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆற்றின் ஓரம் இருக்கும் தாராவியும் உல்லாஸ் ஆற்றை ஒட்டிய கல்யாண், உல்லாஸ்நகர், பத்லாபூர் பகுதிகளும் மூழ்கின. அதன்பின் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? மாதவ் சிதளே தலைமையில் உண்மையறியும் குழு அமைத்து, தண்ணீர் ஏன் புகுந்தது என்று கேட்டார்கள். ஆறு குறுகிப்போனதும், மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காகக் கட்டிய பழைய வடிகாலும் பேச்சுக்கு வந்தன. பிள்ளைகளிடம் மட்டும், வெள்ளம் உனக்கு என்ன கற்றுத்தந்தது என்று கேட்டோம். மழைக்காலம் வரும்போதெல்லாம் இன்னும் அதையே கேட்கிறோம். மனிதநேயம், ஒற்றுமை, துணிவு என்று எழுதுகிறார்கள். அவை பொய்யல்ல. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் காப்பாற்றியது இந்த நகரம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கும் வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிக்கொள்ளக் கற்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருக்கிறோம்.

வீட்டு வேலையைப் பற்றி எழுதுவதும் இப்படித்தான். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தொழிலின் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தைத்த பேண்ட் மூட்டையாக வரும், அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து நூல் வெட்டுவார்கள். தாகா கட்டிங் என்பார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்து அந்த வேலையைச் செய்யும் பெண், அது தனக்கு நேர மேலாண்மையைக் கற்றுத்தந்தது என்று எழுத வேண்டிய நிலையை நினைத்துப்பாருங்கள். உருப்படிக்கு என்ன கிடைக்கிறது, இரவு எத்தனை மணி ஆகிறது, விரலில் எங்கே கத்தரி படுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த ஊரில் அவளைப்போல் அதை அறிந்தவர் குறைவு. அதை விட்டுவிட்டு, அவளுக்குத் தெரியாத ஒரு மேலாளரின் மொழியைக் கடன் வாங்கி எழுதும்படி செய்கிறோம். அவளும் எழுதுவாள், ஏனென்றால் கிரேடு அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடன் மொழி மேலிருந்துதான் வருகிறது. 2010இல் மகாராஷ்டிரத்தில் தொடர் மதிப்பீடு வந்தபோது, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ‘வர்ணனாத்மக் நோந்தி’ என்ற விவரிப்புக் குறிப்பு எழுதும்படி ஆசிரியர்களுக்குச் சொல்லப்பட்டது. நோக்கம் அருமையானது. ஆனால் பிள்ளைகளும் பதிவேடுகளும் அத்தனை இருக்கும்போது ஒரு மனிதர் எத்தனை தனி வாக்கியங்கள் யோசிக்க முடியும்? ஆயத்த வாக்கியத் தொகுப்புகள் கைக்குக் கை போயின. பார்த்து எழுதும் வாக்கியங்கள் பிள்ளையின் வளர்ச்சியாகப் பதிவேட்டில் ஏறின. ஆசிரியரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பதிவேட்டைத்தான் சொல்வேன். பெரியவர்களாலேயே உண்மையாக நிரப்ப முடியாத கட்டத்தை இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

நம் பழைய கட்டுரை நோட்டில் ‘நான் ஒரு பழைய குடை பேசுகிறேன்’ என்று எழுதச் சொல்வார்கள். அதில் குடைதான் கற்பனை. எழுதிய பிள்ளைக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை, கற்பனை வளர்ந்தது. இப்போது பிள்ளை தன்னையே கற்பனையாக எழுத வேண்டியிருக்கிறது. தன் துக்கத்தை எந்த அளவுக்குச் சொன்னால் நல்லது, எங்கே நிறுத்தி நம்பிக்கைக்குத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடப் பழகுகிறது. எழுத எழுத ஆகிவிடுவார்கள் என்ற பதிலில் ஒரு உண்மை இருக்கிறது: இப்படிக் கணக்குப் போடுகிறவர்களாக ஆகிவிடுவார்கள்.

தன் மனதை எழுதுவதால் பயன் உண்டு என்பதற்கு ஆய்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த துயரத்தை எழுதச் சொன்னார். அடுத்த மாதங்களில் அவர்களில் ஒரு பகுதியினர் உடல்நலக் குறைவால் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. ஆனால் அவர்கள் எழுதியதற்கு யாரும் தரம் போடவில்லை, அது அவர்கள் பெயரில் யாரிடமும் போகவில்லை. நல்லபடியாக முடிக்கச் சொல்லவும் இல்லை. நம் பள்ளித் தாளில் இந்தச் சுதந்திரம் எதுவும் கிடையாது. ஜான் டூயியையும் மேற்கோள் காட்டுவார்கள். 1910இல் வெளிவந்த அவருடைய ‘நாம் எப்படிச் சிந்திக்கிறோம்’ நூல் சொல்லும் சிந்தனை, ஒரு குழப்பத்தில் தொடங்கி அந்தக் குழப்பம் ஏன் என்று தேடிப்போவது. தேடல் போகும் திசை நடந்த காரியத்தை நோக்கித்தான். ‘நான்’ என்ற பத்தியில் போய் முடிவதை அவர் கேட்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பத்தில் 650 சொல்லுக்குள் கட்டுரை எழுத வேண்டும். தனிமனித வளர்ச்சிக்குத் தூண்டுதலான நிகழ்வு ஒன்றை எழுதுவதும் அதில் ஒரு தலைப்பு. மும்பையின் பெரிய பள்ளிகளில் அதற்கென்று பயிற்சியாளர் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே குறைந்தபட்சம் இது வாய்ப்புக்கான போட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். தாராவிப் பிள்ளைக்கு நடப்பது வேறு. அவன் எழுதிய வளர்ச்சிக் கதை, நன்கொடை கேட்கும் ஆண்டறிக்கையில் புகைப்படத்தோடு அச்சாகிறது. ஏழ்மையிலிருந்து எழுந்தவன் என்ற ஒரே பாத்திரம் பத்து வயதிலேயே அவனுக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அதே வயதில் மாட்டுங்காவில் பியானோ கற்கும் பிள்ளையிடம் உன் வறுமையை எப்படி வென்றாய் என்று யாரும் கேட்பதில்லை, அவனுக்குத் தன் தோல்விகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது.

வேறு விதமாக எழுதிய பிள்ளைகளும் உண்டு. இத்தாலியில் தஸ்கனி மலைப்பகுதியில் பார்பியானா என்ற சிற்றூர். பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியில் எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967இல் வெளிவந்தது. அரசுப் பள்ளி தள்ளிவிட்ட விவசாயப் பிள்ளைகள் அவர்கள். தங்களை ஏன் பெயிலாக்கினார்கள் என்று கேட்டு, யார் வீட்டுப் பிள்ளைகள் பெயிலாகிறார்கள் என்று தாங்களே புள்ளிவிவரம் திரட்டி அட்டவணை போட்டார்கள். தோல்வி எங்களைப் பக்குவப்படுத்தியது என்று அவர்கள் எழுதவில்லை. கோபமாக எழுதினார்கள், நியாயத்தை எண்ணிக்கையோடு எழுதினார்கள். அந்த நூலை எழுதியதில் அவர்கள் வளர்ந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளர்ச்சியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் அந்த நூல் பிறந்திருக்காது.

அப்படி எழுதவைக்க இங்கேயும் வழி உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே ‘ஜலசுரக்ஷா’ என்று நீர்ப் பாதுகாப்புக்கு இன்னொரு கிரேடு பாடம் பின்னர் வந்தது. உல்லாஸ்நகருக்குள் வாலதுனி ஆறு ஓடுகிறது. ஜீன்ஸ் சாயம் கலந்து அது நிறம் மாறி ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது. 2014 நவம்பர் இறுதியில் அதில் கொட்டிய ரசாயனத்தின் நெடியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் கரையில் வளரும் பிள்ளையிடம் ஸ்வவிகாஸ் நோட்டை மூடிவைக்கச் சொல்லி, வாலதுனி இன்று என்ன நிறம், எந்த நாளில் மாறுகிறது, மேலே யார் என்ன கொட்டுகிறார்கள், உன் பாட்டி வந்தபோது அது எப்படி இருந்தது என்று கேட்கலாம். எழுதியதற்கு கிரேடு போட வேண்டாம். தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் வழி எந்த வகுப்போடு ஏன் நிற்கிறது என்று பிள்ளைகளையே விசாரித்து எழுதச் சொல்லி, அதை மாநகராட்சிக் கல்வித் துறைக்கு அனுப்பலாம். முன்னேற்ற அட்டையில் ‘நான்’ பக்கம் இருந்தே ஆக வேண்டுமென்றால், அதைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போய் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளட்டும். ‘என் பள்ளி’ என்று இன்னொரு பக்கம் சேர்த்து, அதில் பள்ளிக்கு கிரேடு போடும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.