பேஸ் கிதாரைக் கேட்காத காதுகள்

லண்டனைச் சேர்ந்த ஜமிராக்வாய் குழுவின் மூன்றாவது ஆல்பம் ‘டிராவலிங் வித்அவுட் மூவிங்’ 1996 செப்டம்பரில் வெளிவந்தது. உலகம் முழுவதும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மிக அதிகம் விற்ற ஃபங்க் ஆல்பம் என்று கின்னஸ் புத்தகமும் அதைப் பதிவு செய்துகொண்டது. இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கிய ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் பேசுவதைக் கேட்டால், எல்லாரும் ஒரே இசைத்தட்டைத்தான் கேட்டார்களா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவருக்கு அது தொண்ணூறுகளின் மகத்தான நடன இசை. அடுத்தவருக்கு ஸ்டீவி வொண்டரின் நகல். மூன்றாமவருக்கோ, நல்ல குழு ஒன்று சந்தைக்கு விலைபோன கதை.

இந்த ஆல்பத்தோடு எனக்குப் பல வருடப் பழக்கம். பத்திரிகை விமர்சகர்கள் எழுதியதைவிட ரசிகர்கள் சொன்னது பல இடங்களில் கூர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் மிக முக்கியமான ஓரிடத்தை அந்த அபிப்பிராயம் கேட்காமலே கடந்துவிடுகிறது.

முதலில் அவர்கள் சரியாகப் பிடித்தது. “நடுவில் தொய்ந்துவிடுகிறது” என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். உண்மைதான். ‘விர்ச்சுவல் இன்சேனிட்டி’யில் தொடங்கி ‘காஸ்மிக் கேர்ள்’, ‘ஆல்ரைட்’, ‘ஹை டைம்ஸ்’ என்று ஏறிக்கொண்டே போகும் வேகம் ‘டிரிஃப்டிங் அலாங்’ என்ற ரெகே பாட்டில் தளர்கிறது. பிறகு டிட்ஜெரிடூவை முன்னிறுத்தி இரண்டு உருப்படிகள் அடுத்தடுத்து வருகின்றன. டிட்ஜெரிடூ வட ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வாத்தியம். கறையான் உள்ளே தின்று குடைந்த மரக்கிளையை எடுத்து, மூச்சு அறுபடாமல் ஊதுவார்கள். குழுவின் வாலிஸ் புக்கானன் அதை வாசித்த விதத்தில் எனக்கு மரியாதை உண்டு. முதல் ஆல்பத்தில் பாட்டுக்கு வாசல் திறப்பதுபோல வந்த அதே ஒலி இங்கே மூன்றாவது அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. வரிசையை மாற்றியிருந்தால் இந்தக் குறை பாதி தீர்ந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க இசைப் பயிற்சி வேண்டியதில்லை. நூறு தடவை முழுதாகக் கேட்டிருந்தால் போதும். கெடு நெருக்கத்தில் இரண்டு மூன்று முறை கேட்டு எழுதும் விமர்சகருக்கு அந்த நூறு தடவை வாய்ப்பதில்லை. ரசிகர் அபிப்பிராயத்தின் பெரிய பலமே இந்தப் பழக்கம்தான்.

இன்னொரு குற்றச்சாட்டும் நேர்மையானது. 1993இல் வந்த முதல் ஆல்பம் பூமியையும் காட்டையும் அழிக்காதீர்கள் என்று மன்றாடியது. மூன்றே வருடத்தில் குழுவின் கொம்பு வைத்த மனிதச் சின்னம் ஃபெராரி முத்திரைபோல அட்டையில் ஏறிவிட்டது. தலைப்புப் பாடலுக்கு முகப்பே லம்போர்கினி எஞ்சினின் உறுமல். அதே தட்டின் முதல் பாட்டோ, மனிதன் இயற்கையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றப் பார்க்கிறானே என்று பதறுகிறது. பாட்டின் சொற்களை நம்பிய ரசிகருக்குத்தான் இது உறுத்தும். உறுத்தவும் வேண்டும். பாடகர் ஜே கே கார்ப் பிரியர் என்பது அவருடைய சொந்த விஷயம், ஆனால் அதை அட்டையில் போட்ட பிறகு கேள்வி கேட்பது கேட்பவரின் உரிமை.

“இது அசல் ஆசிட் ஜாஸ் இல்லை” என்ற புகார் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எண்பதுகளின் இறுதியில் லண்டன் கிளப்புகளில் ஆசிட் ஹவுஸ் என்ற இசை அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. அதே ஊரில் பழைய ஜாஸ், ஃபங்க் தட்டுகளை ஆடுவதற்காக ஒலிக்கவிட்ட டிஜேக்கள் விளையாட்டாக வைத்த பெயர் ஆசிட் ஜாஸ். 1987இல் ஜைல்ஸ் பீட்டர்சனும் எடி பில்லரும் தொடங்கிய இசைத்தட்டு கம்பெனிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ஜமிராக்வாயின் முதல் சிங்கிள் அங்கிருந்துதான் வந்தது. பழைய தட்டுகளை எடுத்துக் கலந்து பிறந்த இசையிடம் கலப்பில்லாத தூய்மையைக் கேட்பதில் பொருளில்லை.

ஸ்டீவி வொண்டர் ஒப்பீட்டை அப்படி எளிதாகத் தள்ள முடியாது. ஜே கே ஒரு சொல்லை இழுத்து, உச்சியில் நெளித்து, மூக்கொலியோடு இறக்கும் இடங்களில் அந்தப் பாணி அப்பட்டமாகத் தெரிகிறது. வொண்டரின் 1970களின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய இசையில் ஒரு வெள்ளைக்காரர் இத்தனை பணமும் புகழும் பெற்றார் என்ற ஆதங்கமும் இதற்குள் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஒப்பீட்டைச் சொன்னவுடன் பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். பாடகரின் தொண்டையை வைத்தே ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். டெரிக் மெக்கென்ஸியின் டிரம்ஸ், சோலா அகிங்போலாவின் கைத்தாளங்கள், டோபி ஸ்மித்தின் கீபோர்டு எல்லாம் அந்தத் தீர்ப்பில் காணாமல் போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டூவர்ட் ஜெண்டரின் பேஸ் கிதார்.

ஃபங்க் இசையில் பாட்டைச் சுமப்பது பேஸ்தான். ‘விர்ச்சுவல் இன்சேனிட்டி’யைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் பியானோ மட்டும், ஒரு வட்டம்போலச் சுழலும் சுரக்கட்டுகள். பிறகு டிரம்ஸ், பேஸ். ஜெண்டர் தாளத்தின் தலையில் நச்சென்று விழுவதில்லை. சற்று முன்னே எட்டிப் பார்க்கிறார், ஒரு மாத்திரை விட்டுக் கொடுக்கிறார், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நாலைந்து சுரங்களை உருட்டி வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். பாட்டு முழுக்க அது இன்னொரு குரல்போலப் பதில் பேசிக்கொண்டே இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 22. இந்த வாசிப்பு யாருடைய நகலும் இல்லை.

இதை ஏன் இத்தனை பேர் தவறவிடுகிறார்கள்? முதல் காரணம் கருவி. பேஸ் கிதாரின் கனத்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளில் ஒலிக்கும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. மெல்லிய மேல் ஒலிகள் மட்டும் கசியும், அடித்தளம் வராது. அப்படிக் கேட்டவருக்குக் கிடைப்பது பாடகரும் சிம்பலும்தான். “கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மேலோட்டம்” என்று அவர் சொன்னால், தன் காதுக்கு வந்ததைப் பற்றி உண்மையே சொல்கிறார். தட்டில் இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் வீடியோ. ஜொனாதன் கிளேஸர் இயக்கியது. அறையின் தரை நகர, அதில் ஜே கே வழுக்கி ஆடுவதுபோலத் தோன்றும். உண்மையில் தரை அசையவில்லை. சக்கரம் பொருத்திய சுவர்களையும் அவற்றோடு கேமராவையும் சேர்த்து நகர்த்தினார்கள். 1997 எம்டிவி விருதுகளில் ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட நான்கு பரிசுகள். அற்புதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் திரையை நிறைப்பது பெரிய தொப்பி போட்ட ஒரே ஆள். ‘ஜமிராக்வாய்’ என்பது அந்த மனிதரின் பெயர் என்றே இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவை ஒரே முகமாகப் பார்த்துப் பழகிய கண், காதையும் அப்படியே பழக்கிவிட்டது.

“முதல் ஆல்பமே சிறந்தது” என்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் ஆல்பத்தின் கட்டற்ற நீளமும் ஊதுவாத்தியங்களின் கூட்டொலியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே திறமையை இறுக்கமான பாட்டுகளுக்குள் அடக்கி, ஆட வைத்து, ஒரு சுரம்கூட மலிவாகாமல் பார்த்துக்கொள்வது கடினமான வேலை. அதிகம் விற்றது என்பதற்காக அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது, அதிகம் விற்றது என்பதற்காகவே கொண்டாடுவதைப் போன்ற பிழை.

என் கணக்கில் இது முக்கால் பங்கு உயர்ந்த ஆல்பம். தொய்வும் முரணும் இருக்கின்றன. அவற்றைச் சொன்ன ரசிகர்களுக்கு நன்றி. ஆல்பத்தை உயர்த்திய அந்த பேஸ் மட்டும் நிலைக்கவில்லை: 1998இல், அடுத்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஜெண்டர் குழுவை விட்டுப் போய்விட்டார். குழு அதன் பிறகும் நல்ல பாட்டுகளைத் தந்தது, ஆனால் குரலுக்கும் பேஸுக்கும் நடந்த அந்த உரையாடல் திரும்ப வரவில்லை. ஏற்கெனவே அபிப்பிராயம் சொல்லி முடித்தவர்களும் ஒருமுறை நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, குரலை விட்டுவிட்டு, ‘ஆல்ரைட்’ பாட்டில் பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள்.