உயிரோசையும் உரிமைக்குரலும்: மலையகப் பாட்டிலிருந்து றப் வரை

றப் பாடல் பற்றிப் பேச்செடுத்தால் நமது இலக்கியக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழுகின்றன. யாப்புத் தெரிந்தவர்கள் அதை வெறும் இரைச்சல் என்கிறார்கள். இளையவர்களோ யாப்பை ஒரு பழைய பெட்டகமாகப் பார்க்கிறார்கள். இரு சாராரும் கவனிக்கத் தவறும் ஒரு பொதுச் சொத்து உண்டு. மெய்யெழுத்து மாறினாலும் உயிர் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து செவியைப் பிடித்து வைத்திருக்கும் உத்திதான் அது. உயிரோசை ஒன்றுதல் என்று அதனைச் சொல்லலாம்.

தமிழுக்கு இது புதிதன்று. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம் என்று மோனைக்கு உயிர்களை வகுத்துத் தந்தவர்கள் நமது இலக்கணகாரர். எதுகையிலும் இரண்டாம் எழுத்தின் மெய் மாறி உயிர் மட்டும் ஒன்றிவந்தால் அதற்கு ‘உயிரெதுகை’ என்று பெயர். ‘கொழுந்து’, ‘மருந்து’ என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். ‘ழு’வும் ‘ரு’வும் வெவ்வேறு எழுத்துக்கள். இறுக்கமான எதுகை இங்கு இல்லை. ஆயினும் உகரம் இரண்டையும் பிணைக்கிறது. இறுதி ஓசை அந்தப் பிணைப்பை உறுதிசெய்கிறது. றப் பாடகர் ஒருவர் தாளத்தின் மீது சொற்களை அடுக்கும்போது பெரிதும் நம்புவது இந்தப் பிணைப்பைத்தான்.

மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களில் இதன் வலிமையைக் காணலாம். வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், வெளிவந்தது. லயத்திலும் மலைச்சரிவிலும் புழங்கிய பாட்டுக்களைத் தாளில் ஏற்றிய பெரும்பணி அது. ஆனால் எந்தத் தொகுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பாரியில் விளிச்சொல்லின் ஈற்றுயிர் எவ்வளவு நேரம் நீள்கிறது, எங்கே உடைகிறது என்பதை அச்சு காட்டாது. சொல் தப்பிப் பிழைக்கிறது, உயிர் நழுவிவிடுகிறது.

இந்த நீட்சியில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆங்கில றப்பில் எமினெம் போன்றவர்கள் உயிரை வளைத்து, இயைபே கிடையாது என்று சொல்லப்படும் சொற்களையும் இயைய வைக்கிறார்கள். சொல்லழுத்தத்தால் நடக்கும் மொழி அது. அழுத்தம் விழாத உயிர் அங்கு தளர்ந்து கிடக்கும், வளைக்க இடம் தரும். தமிழ் அப்படியன்று. படு வேறு, பாடு வேறு. விடு வேறு, வீடு வேறு. குறிலை நெடிலாக்கினால் பொருளே மாறிவிடும். ஆங்கில உச்சரிப்பைப் போலி செய்யும் சில தமிழ் றப் பாடல்கள் இடறி விழும் இடம் இதுவே. ஒப்பாரி பாடும் பெண்ணோ சொல்லின் நடுவில் கைவைப்பதில்லை. பொருள் முடிந்த பின்னர், ஈற்றில்தான் நீட்டுகிறாள். அளபெடையின் இரகசியத்தை அவள் ஏட்டில் படித்தவளல்லள்.

2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யின் வெற்றியையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். அதை எழுதிய அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கடல் கடத்திய வரலாறு அந்தப் பாட்டின் பின்னால் நிற்கிறது. தலைப்பையே கவனியுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்லும் ‘என் சாமி’ என்ற கிராமத்து விளியும் ஆகாரத்தின் மீது சந்திக்கின்றன. வளைந்து கொடுத்தது ஆங்கிலச் சொல். தமிழ் விளி தன் இயல்பில் நிற்கிறது. இதனை நான் ஒரு முன்மாதிரியாகவே கருதுகிறேன்.

நமது மரபில் இந்தச் செவியுணர்வு ஆழமானது. காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடினார். கண்டிச் சீமையின் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரும் சந்தத்தில் தோய்ந்தவர். தாயிரா தட்டிப் பாடிய பக்கீர்மாரின் பாட்டும் தாளமும் சொல்லும் பின்னியதுதான். இவை அனைத்துக்கும் முன்னர், ஓதக்கேட்டு வளர்ந்த செவி நமக்கு உண்டு. அல்குர்ஆன் கவிதையன்று, அதனை யாப்பால் அளக்க நாம் முனையவும் மாட்டோம். எனினும் ‘அஷ்ஷம்ஸ்’ அத்தியாயத்தின் பதினைந்து வசனங்களும் ‘ஆஹா’ என்னும் ஒரே நெட்டோசையில் வந்து முடிவதை ஓதத் தெரிந்த எந்தச் சிறுபிள்ளையும் உணரும்.

ஆகவே, றப் நமக்கு அந்நியம் என்று ஒதுக்குவது நமது செவியையே மறுப்பதாகும். அதே வேளை, ஓசை கிடைத்துவிட்டது என்பதால் எல்லாமே கவிதையாகிவிடாது. கவிஞர்களைக் கண்டிக்கும் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம், அலைந்து திரிந்து, செய்யாததைச் சொல்பவர்களையே கடிகிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைந்து, அநீதிக்குள்ளான பின்னர் தம்மைக் காத்துக்கொள்வோருக்கு அது விலக்களிக்கிறது. அந்தக் கடைசித் தகுதியை நினைக்கும்போது, நாட்கூலிக்காகக் கொழுந்து கிள்ளியவர்களின் பாட்டு என் காதில் கேட்கிறது. அநீதிக்குள்ளானவரின் குரலுக்கு ஓசை ஓர் அலங்காரமன்று. எழுதத் தெரியாதவர் தன் வழக்கை மறவாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க அவரிடம் இருந்த ஒரே ஏடு அது.

தோட்டங்களில் அந்தப் பாட்டுக்களை முழுமையாகப் பாடத் தெரிந்த மூதாட்டிகள் அருகி வருகிறார்கள். கைத்தொலைபேசியில் றப் பதிவுசெய்யும் பேரப்பிள்ளைகள் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். அந்தத் தொலைபேசியைப் பாட்டியின் பக்கம் ஒருமுறை திருப்பி வைக்கச் சொல்வது, யாப்புத் தெரிந்த நமது பெரியவர்கள் இன்று செய்யக்கூடிய விமர்சனப் பணிகளுள் தலையாயது.