தகடு வைத்த எழுத்து

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் பந்தல்குடி. சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர். இந்த வறண்ட பக்கத்தில் கண்ணுக்கு விருந்து எதுவென்று கேட்டால், வெள்ளையடித்த சுவரிலும் மிளகாய் மூட்டையிலும் தகடு வைத்துப் பதித்த எழுத்துகளைத்தான் சொல்வேன்.

தகரத்தில் எழுத்தை வெட்டுவதில்தான் சூட்சுமம். ‘வ’, ‘ன’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு, சுற்றிலும் வெட்டினால் உதிர்ந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள மெல்லிய பாலம் ஒன்றை விட்டு வெட்டுவார்கள். பதித்தபின் அங்கே விழும் இடைவெளியே தகட்டெழுத்துக்குத் தனி அழகு. புள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆணியால் ஒரு குத்துப் போதும்.

பெயிண்ட் நீர்த்தால் தகட்டுக்கு அடியில் கசிந்து ஓரம் பிசிறும். பிரஷை இழுக்கக் கூடாது; நுனியில் கொஞ்சமாகத் தொட்டு, செங்குத்தாக ஒற்ற வேண்டும். சுண்ணாம்புச் சுவர் நிறத்தைக் குடித்து மங்கலாக்கும். சாக்கிலோ மேடான இழையில் மட்டும் நிறம் ஏறி, எழுத்து சொரசொரக்கும். ஒரே தகடு, இரண்டு முகம்.

இரண்டு நிறத்துக்கு இரண்டு தகடு. மூலைக்குறி பிசகினால் சிவப்பும் கறுப்பும் ஆளுக்கொரு திசை. இதே மாவட்டத்துச் சிவகாசியில் ஆப்செட் எந்திரம் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என 4 தகடுகளைப் பொருத்திப் படம் அச்சடிக்கும்போதும் இதே கவலைதான். வாசலில் துளையிட்ட தட்டைத் தட்டிக் கோலப்பொடி உதிர்ப்பதும் இந்த வித்தையின் தங்கைதான்.

செய்து பார்க்க ஆசையா? பழைய எக்ஸ்ரே ஃபிலிம், பிளேடு, ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதும். முதலில் சாக்கில் பதியுங்கள். பிசிறை அது மன்னிக்கும்.