ஏற்காட்டு வளைவுகளில் இன்ஜினைக் கேளுங்கள்

சேலத்திலிருந்து அடிவாரம் வந்ததும் ஏற்காட்டுப் பாதை மேலே ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் முதல் வளைவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன வட்ட டப்பியை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கார்புரேட்டருக்குப் போகும். அந்த டப்பிதான் வேக்குவம் அட்வான்ஸ். அது வேலை செய்வதையும் ஒதுங்கி நிற்பதையும் காதாலும் காலாலும் உணர இந்த மலையைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். வண்டிக்கு இழுவை கூட்டுவதற்காக இதை வைக்கவில்லை.

பிளக்கில் பொறி விழுந்ததும் உள்ளே இருக்கும் கலவை மொத்தமும் ஒரே கணத்தில் எரிந்துவிடாது. தீ ஒரு முனையில் பற்றி மறுமுனைக்குப் பரவவேண்டும். அதற்குச் சில மில்லி விநாடிகள் போதும்தான். ஆனால் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது கிராங்க் ஒரு மில்லி விநாடிக்குள் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறியை விட்டாகவேண்டும். சுற்று கூடக்கூடப் பொறியை முன்தள்ளும் வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் இரண்டு எடைக்கட்டிகள் பார்த்துக்கொள்கின்றன.

அது மட்டும் போதாது, கலவை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். சந்தைக் கூட்டத்தில் ஒரு செய்தி நொடியில் பரவும். ஆளுக்கு ஆள் தூரமாக நிற்கும் தோட்டத்தில் அதே செய்தி மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் வரும் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம். தீ மெதுவாகப் பரவும், பொறி இன்னும் முன்னால் விழவேண்டும். அழுத்தி மிதித்தால் கலவை நெருக்கமாக நிறையும், சட்டெனப் பற்றும். அப்போதும் பொறி முன்னாலேயே விழுந்தால் டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோல் நாக்கிங் கேட்கும், பிஸ்டனுக்கு ஆபத்து.

மிதியின் அளவு டப்பிக்கு எப்படித் தெரிகிறது? இன்ஜின் இழுக்கும் மூச்சிலிருந்துதான். லேசாகத் திறந்த த்ராட்டில் தகடு காற்றை மறிக்கும்போது அதற்குப் பின்னால் உறிஞ்சல் பலமாக இருக்கும். அந்த உறிஞ்சல் குழாய் வழியே வந்து டப்பிக்குள் இருக்கும் டயாபிரத்தை இழுக்கிறது. டயாபிரம் ஒரு கம்பியை இழுக்கிறது. கம்பி, பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பிளாட்டினம் பொருத்திய தகட்டை ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புகிறது. பொறி முன்கூட்டியே விழுகிறது. முழுக்க மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், ஸ்பிரிங் தகட்டைத் திரும்பத் தள்ளிவிடும். இன்றைய கார்களில் சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து பார்க்கும் கணக்கை இங்கே ஒரு சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் பார்த்துவிடுகின்றன. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

கண்ணால் பார்க்கவேண்டுமா? இன்ஜினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். குழாயைக் கார்புரேட்டர் பக்கம் உருவி, துடைத்துவிட்டு, வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தகடு மெல்ல நகரும். அப்படியே குழாய் முனையை நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். தகடு நகர்ந்த இடத்திலேயே நின்றால் டயாபிரம் நன்றாக இருக்கிறது. தானாகத் திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. லூகாஸ் நிறுவன டப்பியில் பொறித்திருக்கும் மூன்று எண்களையும் படித்துவிடுங்கள். 5-17-10 என்றால், 5 அங்குலப் பாதரச உறிஞ்சலில் அசையத் தொடங்கும், 17 அங்குலத்தில் முழுதாக இழுத்திருக்கும், அப்போது 10 டிகிரி முன்தள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் அது 20 டிகிரி.

இனி மலை ஏறலாம். செகண்ட் கியரில், அழுத்திய மிதியோடு வளைவு வளைவாக ஏறும்போது டப்பி சும்மா இருக்கிறது. அப்படி இருப்பதுதான் அதன் நல்ல குணம். இந்த ஏற்றத்தில் நாக்கிங் கேட்டால் டப்பியைக் குறை சொல்லாதீர்கள். அடிப்படை டைமிங்கையோ எடைக்கட்டியின் ஸ்பிரிங்கையோ பாருங்கள்.

மேலே போனதும் கதை மாறுகிறது. ஏரியைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே போகும் சாலையில் மட்டமான இடங்கள் வரும். அங்கே டாப் கியர் போட்டு, மிதியில் காலை வெறுமனே வைத்திருப்பதுபோல் ஓட்டுங்கள். இப்போது தகடு நன்றாக முன்னே வந்திருக்கும். இன்ஜின் சத்தம் மிருதுவாகும், மிதியை இம்மி அசைத்தாலும் வண்டி பதில் சொல்லும். ஒருமுறை குழாயை உருவி, கார்புரேட்டர் பக்கத் துளையைக் காற்று புகாமல் அடைத்துவிட்டு, அதே தூரத்தை ஓட்டிப் பாருங்கள். இழுவை குறையாது. ஆனால் அதே வேகத்துக்கு மிதி இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டியிருக்கும், இன்ஜின் சோம்பலாகத் தெரியும். அந்த வித்தியாசம் முழுக்கப் பெட்ரோல்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் பொறி இன்னும் கொஞ்சம் முன்னால் விழுவதை இன்ஜின் விரும்பும், ஆனால் டப்பிக்குக் கிடைக்கும் உறிஞ்சலோ கீழே கிடைப்பதைவிடக் குறையும். அதற்காக மலையில் டைமிங்கை முன்னே தள்ளிவைத்தால், சேலம் வெயிலில் முதல் மேம்பாலம் ஏறும்போதே நாக்கிங் கேட்கும். அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள் டைமிங்கைச் சமவெளிக் கணக்கிலேயே வைத்திருப்பது நல்லது.

டயாபிரம் கிழிந்த பழைய வண்டிகள் பலவற்றில் குழாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு, வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். டப்பியில் இருக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ள வேறொன்றைத் தேடிப் பொருத்துங்கள்.