இருபது கொண்டை ஊசி, இருபத்து நான்கு யூனிட்

போன மழைக்காலத்தில் பெட்ரோல் காரில் ஏற்காட்டிலிருந்து இறங்கினோம். எட்டாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் பிரேக் லைனிங் தீயும் வாடை காருக்குள் வந்துவிட்டது. பின்சீட்டில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஓரங்கட்டி, சக்கரம் ஆறும்வரை அரை மணி நேரம் நின்றோம். இதே பாதையில் மின்சாரக் காரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். இந்த ஐப்பசியில் டாடா டியாகோ மின்சாரக் கார் இரண்டு நாள் கைக்குக் கிடைத்தது.

நான் ஓட்டியது 24 யூனிட் பேட்டரி உள்ள வகை. ஒரு சார்ஜில் 315 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடக் கணக்கு. அதை வைத்து மலைப் பயணத்தைத் திட்டமிடக்கூடாது. அடிவாரத்திலிருந்து ஊர் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கே கிட்டத்தட்ட 4 யூனிட் வேண்டும். சாலை உராய்வும் மற்ற இழப்புகளும் தனி. அடிவாரத்தில் 92 சதவீதம் காட்டிய மீட்டர், ஏரிக்கரையில் 66 காட்டியது.

ஏறுவது சுகம். வளைவில் செகண்டா, ஃபர்ஸ்டா என்ற தடுமாற்றம் இல்லை, கிளட்சே கிடையாது. நின்று கிளம்பினாலும் மிதித்தவுடன் இழுக்கிறது. ஆனால் மோட்டார் சத்தம் போடாததால் சாலையோரம் நடப்பவர்களுக்கு வண்டி வருவது தெரிவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தே தீர வேண்டும்.

ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. மழை பெய்து ஓரிரு நாளில் போனால்தான் அது அருவி. கோடையில் வெறும் பாறை. வண்டியை மேலே விட்டுவிட்டுப் படியிறங்கினோம். அருவி கண்ணில் படுமுன்பே சாரல் முகத்தில் அடித்தது.

இரவு சார்ஜ் போடுவதில்தான் சிக்கல். செயலி காட்டிய சார்ஜிங் இடம் வேலை செய்யவில்லை. தங்கிய விடுதியில் கேட்டு, 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மலைமேல் நூறு சதவீதம் ஏற்றாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை. பிடி தளர்ந்துவிடும், பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். நான் 80-லேயே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட் எல்லாம் சுற்றிவிட்டு இறங்கத் தொடங்கியபோது மீட்டரில் 68. மோட்டாரின் பிடிப்பை 0 முதல் 3 வரை மாற்றிக்கொள்ளலாம். 3-இல் வைத்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல வேகம் குறைகிறது. வளைவின் வாயில் மட்டும் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். எட்டாவது வளைவில் கண்ணாடியில் பார்த்தேன், அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்கள் மலைக்கென்றே இதைத் தயங்காமல் வாங்கலாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் வழியில் சார்ஜ் போட்டுவிட்டு, அடிவாரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

அடிவாரத்தில் இறங்கி முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்புதான். மீட்டரில் 74.