நாலு பேருக்கு ஒரு போசி

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டி, சின்னார், மறையூர் வழியே காந்தளூர் போய் ஓர் இரவு தங்கி வருவது உடுமலை இளைஞர்களிடையே இப்போது வழக்கமாகியிருக்கிறது. பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க வேலை பார்த்தவர்களுக்கு இது வேண்டியதுதான். காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதைப் பற்றி நான் பேசவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு அதற்கு ஆதரவாக ஒரு சொல்லும் சொல்ல முடியாது. தோட்டத்துக்காரர்கள் இடம் கொடுத்து, அடுப்புக்கும் அனுமதி தருகிற முகாம்களில் என்ன பாத்திரத்தில் சமைக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

பையைத் திறந்தால் ஆளுக்கொரு டைட்டானியம் குவளை. முக்கால் லிட்டர் பிடிக்கும், மடக்குக் கைப்பிடி, மெல்லிய மூடி. ஏன் இது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “முதுகில் ஏறுகிற ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு இருக்குதுங்க.”

டைட்டானியத்தின் நல்ல குணங்களை மறுக்கவில்லை. துருப் பிடிக்காது, புளிக்கும் தக்காளிக்கும் அசையாது, கீழே விழுந்தாலும் எளிதில் நசுங்காது. இரும்பின் எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். தனியாக நெடுந்தூரம் நடப்பவருக்கு அதைவிட நல்ல வெந்நீர்க் குவளை கிடையாது.

வெந்நீர்க் குவளை என்று தெரிந்தே சொல்கிறேன். இந்த கிராம் கணக்கு பிறந்த இடம் அமெரிக்காவின் நெடுநடைப் பாதைகள். ரே ஜார்டின் 1992இல் எழுதிய கையேடு அதைப் பரவலாக்கியது. அவர் மனதில் இருந்தது நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான பசிபிக் கிரெஸ்ட் பாதை. அதில் மாதக்கணக்கில் நடப்பவர் பலர், உலர்ந்த உணவுப் பொட்டலத்தில் வெந்நீரை ஊற்றிப் பசியாறுகிறவர்கள். அவர்களுக்கு எடையே முதல் கேள்வியாக இருப்பது நியாயம். காந்தளூரில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஏறுகிற நாலு பேருக்கு, அதுவும் சோறு தின்கிற நாலு பேருக்கு, அந்தக் கேள்வி எப்படி முதலாவதாகும்?

சோறுதான் இங்கே சிக்கல். அலுமினியம் சூட்டைக் கடத்தும் திறனில் பத்தில் ஒரு பங்குகூட டைட்டானியத்துக்கு இல்லை. அதையும் தாளைப் போல மெலிதாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். சுடர் படுகிற இடம் மட்டும் கொதிக்கும், ஓரம் சும்மா இருக்கும். அரிசி நடுவில் அடிப்பிடிக்கும், மேலே நறுக்கரிசியாக நிற்கும். காந்தளூர் 1500 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்குவதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊரில் வேகிறதைவிட அரிசிக்கு அங்கே கூடுதல் நேரம் வேண்டும், அந்த நேரம் முழுக்கச் சூடு சீராகவும் பரவ வேண்டும். இரண்டையும் இந்தக் குவளையால் தர முடியாது. எவர்சில்வரும் சூட்டைக் கடத்துவதில் சுமார்தான் என்பார்கள். உண்மை. அதனால்தான் நம் பெண்கள் அடி கனத்த பாத்திரம் பார்த்து வாங்குகிறார்கள்.

ஆக, சோற்றைக் கைவிட்டு நூடுல்ஸுக்குப் போகிறார்கள். அதையாவது சேர்ந்து தின்ன முடிகிறதா? ஒரு முறை அவர்களோடு போயிருந்தேன். அடுப்பு ஒன்று, குவளை நாலு. முதல் ஆள் தின்று முடித்துக் கை கழுவும்போது நாலாவது ஆளின் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. பனி இறங்குகிற நேரத்தில் அந்தப் பையன் சுடருக்கு முன்னால் குத்தவைத்துக் காத்திருந்தான். மற்ற மூவரும் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அவர்களுடைய எடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடியோடு ஒரு குவளை ஏறத்தாழ 120 கிராம், நாலும் சேர்ந்து 480. இரண்டரை லிட்டர் பிடிக்கும் அலுமினியப் போசி மூடியோடு 430. நாலு பேரும் முறை வைத்துச் சுமந்தால் தலைக்கு நூற்றுச் சொச்சம். தட்டுக்கு என்ன செய்வது என்றால், பாக்கு மட்டைத் தட்டு இருக்கிறது. அடுத்து கேஸ். காற்று மறைப்பு இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 15 கிராம் போதும். நாலு குவளையைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பாத்திரத்தைச் சூடாக்க வேண்டும். குவளையின் அடி குறுகல் என்பதால் சுடரில் பாதி பக்கவாட்டில் ஏறி வீணாகிறது. பாத்திரத்தில் எடை மிச்சமும் இல்லை, கேஸ் குப்பியையும் கூடுதலாகச் சுமக்கிறார்கள். தீய்ந்த அடியைச் சுரண்டத் தண்ணீர் வேறு. பாம்பாற்றிலும் சின்னாற்றிலும் சோப்பைக் கரைத்தால் அது வந்து சேர்வது நம் அமராவதி அணைக்குத்தான்.

தைப்பூசத்துக்கு உடுமலைப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்களைப் பாருங்கள். அரிசி, பருப்பு, அண்டா எல்லாம் குழுவின் பொறுப்பு, வண்டியில் வரும். அடுப்பு ஒன்று, பந்தி ஒன்று. பாத்திரம் கூட்டத்துடையது என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. தன் பங்கைத் தானே காய்ச்சித் தானே குடிக்கிற குவளை அந்த ஏற்பாட்டைக் கலைக்கிறது. முன்னேற்றம் என்று சொல்லி அதைத்தான் விற்கிறார்கள். இதைச் சொன்னால் பழமைவாதம் என்கிறார்கள். பாத்திரத் தொழிலுக்குப் பெயர்போன அனுப்பர்பாளையம் திருப்பூரிலேயே இருக்கும்போது, சோறு வேகாத பாத்திரத்துக்குப் பல மடங்கு விலை கொடுப்பதை வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அலுமினியத்தில் புளி ஆகாது என்பது சரியான ஆட்சேபணை. ஆனோடைஸ் செய்த பாத்திரம் ஓரளவு தாங்கும். அதைவிட எளிய வழி, புளிக்காய்ச்சலை வீட்டிலேயே கிண்டி ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போவது. மலையில் போசிக்கு வெறும் சோறு வடிக்கிற வேலை மட்டும் போதும். கூடாரம் அடிக்கும் முன்பே அரிசியை ஊறப் போட்டுவிட்டால், இருட்டுவதற்குள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்துவிடலாம்.