மூடத் தெரிந்த வால்வே வால்வு

பாகூர் ஏரியில் மதகைத் திறந்துவிடுவது பெரிய காரியமில்லை. பாசனம் முடிந்து இறக்கும் ஷட்டர் அடியில் சரியாகப் படிகிறதா என்பதுதான் கேள்வி. படியாவிட்டால், தென்பெண்ணையில் புறப்பட்டு சொர்ணாவூர் அணைக்கட்டு, பங்காரு வாய்க்கால் என்று வந்து சேர்ந்த தண்ணீர் இரவெல்லாம் கசிந்து, தேவையில்லாத வயலில் போய்த் தேங்கும். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளில் பட்டறை வைத்திருப்பவர்கள் பசை, சிலிக்கோன், கிரீஸ் இவற்றை அளந்துவிடும் டிஸ்பென்சிங் வால்வு வாங்கும்போதும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, டைமர் எத்தனை நுட்பம் என்பவை அதற்கு அடுத்தவை. வால்வின் தரம் அது மூடும் விதத்தில் இருக்கிறது என்பதே என் முடிவு.

சந்தையில் மலிவாகக் கிடைப்பது சிரிஞ்சும் கன்ட்ரோலரும் சேர்ந்த செட். காலால் மிதித்தால் கம்ப்ரசர் காற்று, குறித்த நேரம் மட்டும் சிரிஞ்சின் மேல்பக்கம் அழுத்தும். ஊசி வழியே பசை வரும். எளிய ஏற்பாடு, நாளுக்குச் சில நூறு சொட்டு வைப்பவருக்கு இது போதும். ஆனால் இதில் வால்வு காற்றைத்தான் நிறுத்துகிறது, பசையை அல்ல. சிரிஞ்சு காலியாகக் காலியாக, பசைக்கு மேலே காற்று நிற்கும் இடம் பெருகும். அந்த இடம் நிரம்பி அழுத்தம் ஏறவே நேரம் பிடிப்பதால், டைமர் மாறாமலிருந்தும் சொட்டு சிறுத்துக்கொண்டே வரும். பசைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அது ஸ்பிரிங் போல அமுங்கி, காற்றை நிறுத்திய பிறகும் விரிந்து, ஊசி முனையில் இன்னொரு சொட்டைத் தள்ளும். ஊசித் துளையின் கணக்கு இன்னும் கடுமையானது. தண்ணீர் போல் ஒரே சீராக ஓடும் திரவத்தில், ஓட்டம் துளை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். துளை 20 சதவீதம் பெரிதானால் வெளிவரும் அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

பசையையே நிறுத்தும் வால்வுகளை இந்தக் கண்ணோட்டத்தில் எடைபோடலாம். ஊசி வால்வில், கூர்முனை ஒன்று வாயருகே உள்ள இருக்கையில் வந்து அமர்கிறது. மூடும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் நடுவே மிஞ்சும் பசை குறைவு என்பதால் சின்னஞ்சிறு சொட்டுகள் சுத்தமாக விழும். பொடி கலந்த பசையை ஊற்றினால் மட்டும் இருக்கை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஸ்பூல் வால்வு மூடும்போது பின்வாங்கி, வாயில் தொங்கும் பசையைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிரீஸ், சிலிக்கோன் போல நூலாக இழுபடும் பொருள்களுக்கு இதுவே பொருத்தம். டயாபிரம் வால்வில் பசை தொடும் பாகங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். காற்று கிடைக்காமல் உலோகம் பட்டால் இறுகும் போல்ட் மரைப் பசைக்கும், நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட்டுக்கும் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வால்வு எல்லாவற்றுக்கும் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நம் ஊர் தட்பவெப்பம் இந்தத் தேர்வில் பெரிய பங்கு வகிக்கிறது. சூடு ஏறினால் பசை இளகும்; தகரக் கூரையின் கீழ் காலையில் சரிபார்த்த சொட்டு, அக்கினி நட்சத்திரத்து மதியத்தில் பெருத்துவிடும். சயனோஅக்ரிலேட் ஈரம் பட்டால் இறுகும் பசை. கடலோரக் காற்றை அப்படியே அமுக்கி அனுப்பும் கம்ப்ரசர், பசையோடு சேர்த்து ஈரத்தையும் அனுப்புகிறது. ஆகவே நல்ல ரெகுலேட்டரும் காற்றை உலர்த்தும் கருவியும் இல்லாமல் விலை உயர்ந்த வால்வு வாங்குவது, கரையை அடைக்காமல் மதகுக்கு மட்டும் புது ஷட்டர் போடுவது போலாகும்.

வாங்குமுன் சோதிக்கும் வழி எளிது. மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்று போதும். கொள்கலன் நிறைந்திருக்கும்போது இருபது சொட்டு, காலியாகும் தறுவாயில் இருபது சொட்டு. காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து, மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் ஊசி முனையைக் கவனியுங்கள். அங்கே முத்துப் போல் ஒரு துளி திரண்டால், எந்த விளக்கப் புத்தகமும் அந்த வால்வைக் காப்பாற்றாது.

கைதேர்ந்த தொழிலாளி இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 20 மில்லிகிராம் சொட்டு ஒன்றில் 2 மில்லிகிராம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10,000 சொட்டு என்றால் 20 கிராம், 300 வேலை நாளில் 6 கிலோ பசை வீண். வழிந்ததைத் துடைக்கும் நேரம் தனி. கட்டைவிரலால் நாளெல்லாம் சிரிஞ்சை அழுத்துபவருக்கு வரும் வலியும் கணக்கில் சேர வேண்டியதே. அப்படியானால் தொடாமலேயே வினாடிக்கு நூற்றுக்கணக்கான சொட்டுகளை எறியும் ஜெட் வால்வை வாங்கிவிடலாமே என்றால், மின்னணுப் பலகை வேலைக்கு அது சரி. சிறு பட்டறையின் வேகத்துக்கு அந்த விலை சுமை. அளவைச் சுழற்சியாலேயே தீர்மானிக்கும் திருகு பம்பு உண்டு என்பது வலுவான எதிர்வாதம். ரெனே முவானோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1930-களில் உருவாக்கிய வகை அது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளுவதால், பசை இளகினாலும் இறுகினாலும் அளவு அதிகம் மாறாது. இரண்டு பசைகளை விகிதம் தவறாமல் கலப்பவர் இதைத்தான் நாட வேண்டும். ஆனால் இதிலும் திருகைச் சிறிது பின்னோக்கிச் சுழற்றித்தான் சொட்டைத் துண்டிக்கிறார்கள். அளவை வேறு வழியில் தீர்மானித்தாலும், முடிக்கும் வேலை முனையில்தான் நடக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இது: தொழில் தொடங்குபவர் சிரிஞ்சு செட்டோடு தொடங்கலாம், சிரிஞ்சு பாதியாவதற்கு முன்பே மாற்றிக்கொண்டால் சொட்டின் அளவு பெரிதாகக் குலையாது. உற்பத்தி பெருகும்போது முதல் பணத்தைக் காற்றை உலர்த்துவதிலும் அழுத்தத்தைச் சீராக்குவதிலும் போடுங்கள். அடுத்த பணத்தை உங்கள் பசைக்கு ஏற்றபடி மூடத் தெரிந்த வால்வில் போடுங்கள். ஏரிக்குக் கீழே உழுபவர் மதகை எதை வைத்து மதிப்பிடுகிறாரோ, பட்டறைக்காரரும் அதை வைத்தே தம் வால்வை மதிப்பிடட்டும்.